பைக்கை லாரியில் ஏற்றி அனுப்பப் போறீங்களா? ரசீதில் இருக்கும் இந்த ஒரு வரியை முதலில் பாருங்க!

சென்னையில் வேலை பார்த்தவருக்கு புனேயில் ஆஃபர். கோவையில் படித்து முடித்தவருக்கு ஐதராபாத்தில் ஜாயினிங். துணிமணியை டிராலி பேக்கில் அடுக்கிவிடலாம். லேப்டாப்பை முதுகில் மாட்டிக்கொள்ளலாம். வீட்டு வாசலில் நிற்கும் பைக்கை என்ன செய்வது?

இப்போது ஒரு சாதாரண 150 சிசி பைக்கே ஆன்ரோடு விலையில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிவிடுகிறது. பலருக்கு இ.எம்.ஐ.யும் பாக்கி. அப்படிப்பட்ட வண்டியை, கூகுளில் தேடிப் பிடித்த ஒரு நம்பருக்கு போன் போட்டு, முன்பின் தெரியாத ஒருவர் கையில் சாவியோடு கொடுத்துவிடுகிறோம். ‘கவலையே படாதீங்க சார், பக்காவா டெலிவரி பண்ணிடுவோம்’ என்ற ஒரு வார்த்தைதான் நம்மிடம் இருக்கும் உத்தரவாதம்.

பெரும்பாலான பைக்குகள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிடுகின்றன என்பது உண்மை. ஆனால் சேராதபோது, அல்லது டேங்க் நசுங்கி, இண்டிகேட்டர் உடைந்து சேரும்போது, யார் எவ்வளவு தர வேண்டும்? சட்டம் இதற்குத் தெளிவான பதில் வைத்திருக்கிறது. அந்தப் பதில் பலருக்கும் அதிர்ச்சியாகத்தான் இருக்கும்.

முதலில், என்னென்ன வழிகள் இருக்கின்றன?

நடைமுறையில் நான்கு வழிகள்.

ஒன்று, நீங்களே ஓட்டிச் செல்வது. சென்னை - பெங்களூரு சுமார் 350 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் பைக் என்றால் 8 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் 800 ரூபாய் சொச்சம்தான். தேசிய நெடுஞ்சாலை டோல்களில் பைக்குக்குக் கட்டணமும் இல்லை. உடம்பு ஒத்துழைத்தால், பழகிய ஓட்டுநராக இருந்தால், இந்தத் தூரத்துக்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. சென்னை - புனே 1,200 கிலோமீட்டர் என்னும்போது கதையே வேறு.

இரண்டு, ரயில். மூன்று, பார்சல் சர்வீஸ் லாரி. நான்கு, ‘பேக்கர்ஸ் அண்டு மூவர்ஸ்’. கடைசி இரண்டும் வெளியில் வேறு வேறாகத் தெரிந்தாலும், வண்டி போகும் பாதை பெரும்பாலும் ஒன்றுதான். அதைப் பிறகு பார்ப்போம்.

ரயிலில் அனுப்புவது எப்படி?

இதில் இரண்டு வகை. நீங்கள் அதே ரயிலில் டிக்கெட் எடுத்துப் பயணம் செய்தால் பைக்கை ‘லக்கேஜ்’ ஆக புக் செய்யலாம். நீங்கள் போகவில்லை, வண்டி மட்டும் போகிறது என்றால் அது ‘பார்சல்’. இரண்டுக்குமே ஆர்.சி. நகல், அடையாள அட்டை வேண்டும். வண்டி உங்கள் பெயரில் இல்லாவிட்டால் உரிமையாளரின் கடிதமும் கையில் இருப்பது நல்லது.

பெட்ரோல் டேங்க் முழுக்க காலியாக இருக்க வேண்டும். இதில் சமரசமே கிடையாது. எளிதில் தீப்பற்றும் பொருளை அனுமதியின்றி ரயிலில் ஏற்றுவது ரயில்வே சட்டப்படி சிறைத் தண்டனை வரை போகக்கூடிய குற்றம். 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், சட்டவிரோதமாகக் கொண்டுவரப்பட்ட காஸ் சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் உயிரிழந்தது நினைவிருக்கலாம். பார்சல் ஆபீஸில் டேங்க் மூடியைத் திறந்து பார்ப்பது வெறும் சம்பிரதாயம் இல்லை.

சாக்கு சுற்றி பேக் செய்வது உங்கள் பொறுப்பு. பெரிய ஸ்டேஷன்களில் அதற்கென்றே வெளியே ஆட்கள் இருப்பார்கள். பேக்கிங் மீது அனுப்புபவர் பெயர், போன் நம்பர், புறப்படும் ஸ்டேஷன், சேரும் ஸ்டேஷன் எல்லாம் அழியாத மையில் எழுதியிருக்க வேண்டும்.

கவனிக்க வேண்டிய விஷயங்கள்:

• எல்லா ரயிலிலும் பைக் போகாது. வந்தே பாரத் ரயில்களில் பார்சல் வேன் கிடையாது.
• ஓரிரு நிமிடம் மட்டும் நிற்கும் ஸ்டேஷனில் பைக்கை இறக்க முடியாது. பக்கத்துப் பெரிய ஜங்ஷனுக்குத்தான் புக் செய்ய வேண்டும்.
• இடம் இல்லையென்றால் உங்கள் ரயிலில் வண்டி ஏறாமல், அடுத்த ரயிலில் வரலாம்.
• போய்ச் சேர்ந்த பிறகு குறிப்பிட்ட இலவச நேரத்துக்குள் எடுக்காவிட்டால் மணிக்கணக்கில் ‘வார்ஃபேஜ்’ கட்டணம் ஏறும்.
• எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் என்றால், பேட்டரி தொடர்பான விதிமுறையை பார்சல் ஆபீஸில் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள்.

லாரியில் ஏறும் பைக் உண்மையில் எப்படிப் போகிறது?

உங்கள் வீட்டு வாசலுக்கு ஒரு சின்ன வேன் வரும். பபுள் ராப் சுற்றி, போட்டோ எடுத்து, ஏற்றிக்கொண்டு போவார்கள். நம் மனதில், அந்த வேனே புனே வரை போவதுபோல ஒரு பிம்பம். நிஜத்தில் அந்த வேன் ஊருக்கு வெளியே உள்ள ஒரு குடோனோடு நின்றுவிடும். அங்கே உங்கள் பைக், அதே திசையில் போக வேண்டிய மற்ற பைக்குகளோடு, வீட்டுச் சாமான்களோடு காத்திருக்கும். லோடு சேர்ந்த பிறகு பெரிய லாரியில் ஏறும். வழியில் இன்னொரு குடோனில் இறங்கி வேறு லாரிக்கு மாறலாம். கடைசியில் சேரும் ஊரின் குடோனிலிருந்து மறுபடியும் ஒரு சின்ன வேன்.

‘மூன்று நாளில் டெலிவரி’ என்றது பத்து நாள் ஆவதற்கு முக்கியக் காரணம், சாலை அல்ல. லோடு சேரும்வரை காத்திருப்பதுதான்.

இன்னொன்றும் கவனியுங்கள். பைக்குக்கு அடி விழுவது பெரும்பாலும் ஓடும் லாரியில் இல்லை, ஏற்றி இறக்கும்போது. எத்தனை முறை வண்டி மாறுகிறதோ, அத்தனை முறை ஆபத்து. அதனால், ரேட் கேட்பதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி: ‘வழியில எத்தனை இடத்துல வண்டி மாறும்? ஓட்டுற லாரி உங்க சொந்த லாரியா, வெளியில குடுக்குறீங்களா?’

நீங்கள் பணம் கட்டிய மூவர்ஸ் நிறுவனம் வேறு, உண்மையில் ஓட்டும் லாரிக்காரர் வேறு என்று இருப்பது சகஜம். அது தவறில்லை. ஆனால் பொறுப்பை யார் ஏற்பது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிரச்னை வரும் நாளில் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார்.

அந்த ஒரு வரி: வண்டியின் மதிப்பு

இப்போது முக்கியமான விஷயம்.

சாலை வழியே சரக்கு அனுப்புவதை ‘சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007’ கட்டுப்படுத்துகிறது. 1865-ல் பிரிட்டிஷ் காலத்தில் வந்த பழைய சட்டத்துக்கு மாற்றாக வந்த இது, 2011 மார்ச் முதல் அமலில் இருக்கிறது. இதன்படி, பொதுமக்களின் சரக்கைக் கூலிக்கு ஏற்றிச் செல்லும் நிறுவனம் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். சரக்கை ஒப்படைக்கும்போது நீங்கள் அதன் மதிப்பை அறிவிக்க வேண்டும். அவர்கள் ரசீது தர வேண்டும். நாம் ‘எல்.ஆர்.’ என்று சொல்லும் லாரி ரசீது அதுதான்.

சரக்கு தொலைந்தாலோ சேதமடைந்தாலோ நிறுவனத்தின் பொறுப்பு எவ்வளவு? 2011-ம் ஆண்டு விதிகள் சொல்வது: நீங்கள் கட்டிய வாடகையைப் போல பத்து மடங்கு வரை. அதுவும் அறிவிக்கப்பட்ட மதிப்பைத் தாண்டாமல். அதற்கு மேல் பாதுகாப்பு வேண்டுமென்றால், கூடுதல் கட்டணம் கட்டி, எழுத்துபூர்வமாக ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பைக்கின் மதிப்பு ஒன்றரை லட்சம். லாரி வாடகை 5,000 ரூபாய். பத்து மடங்கு என்றால் 50,000. மீதி ஒரு லட்சம்?

இதில் இன்னொரு நுணுக்கம். பல மூவர்ஸ் பில்லில் தொகையைப் பிரித்துப் போடுவார்கள். பேக்கிங் 2,000, லோடிங் 1,000, வாடகை 2,000 என்று. மொத்தம் அதே 5,000 தான். ஆனால் ‘வாடகை’ என்ற வரியில் 2,000 தான் இருக்கிறது என்று அவர்கள் வாதிட்டால், பத்து மடங்கு என்பது 20,000 ஆகச் சுருங்கிவிடும். பில்லில் எந்தத் தலைப்பில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டியது இதனால்தான்.

ரயிலில் நிலைமை இதைவிடக் கடுமை. ரயில்வே சட்டம் 103-வது பிரிவின்படி, மதிப்பை அறிவித்து அதற்கான சதவீதக் கட்டணத்தைக் கட்டாவிட்டால், இழப்பீட்டுக்கு உச்சவரம்பு உண்டு. பார்சலுக்கு அது கிலோவுக்கு 50 ரூபாய், லக்கேஜுக்கு 100 ரூபாய். 140 கிலோ பைக் பார்சலாகப் போய்த் தொலைந்தால் அதிகபட்சம் 7,000 ரூபாய். ஒரு நல்ல ஹெல்மெட், ஒரு ஜோடி டயர் வாங்கினாலே அந்தப் பணம் முடிந்துவிடும்.

இதெல்லாம் தெரியாமல், ‘மதிப்பு எவ்ளோ போடட்டும் சார்?’ என்று கேட்கும்போது, ‘கம்மியா போடுங்க, சார்ஜ் கொறையும்ல’ என்று நாமே சொல்லிவிடுகிறோம். அந்த நிமிடத்தில் மிச்சமாவது சில நூறு ரூபாய். இழப்பது, பிரச்னை வந்தால் முழு மதிப்பைக் கேட்கும் உரிமை.

‘ஓனர்ஸ் ரிஸ்க்’ என்று அச்சடித்திருந்தால்?

பல ரசீதுகளில் பொடி எழுத்தில் இந்த வாசகம் இருக்கும். ‘எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல’ என்று இதற்கு அர்த்தம் சொல்வார்கள். அப்படியில்லை. பழைய சட்டம் அமலில் இருந்தபோதே, 2000-ம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: இந்த வாசகத்தைக் காட்டி, தன் அலட்சியத்துக்கான பொறுப்பிலிருந்து போக்குவரத்து நிறுவனம் தப்பிக்க முடியாது.

புதிய சட்டத்திலும் உங்களுக்குச் சாதகமான ஒரு அம்சம் இருக்கிறது. வழக்குப் போட்டால், நிறுவனம் அலட்சியமாக இருந்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. நல்ல நிலையில் ஒப்படைத்தேன், சேதத்தோடு வந்தது என்று காட்டினால் போதும். அதனால்தான் ஒப்படைக்கும்போது எடுக்கும் போட்டோவும், நிறுவனத்தின் கையெழுத்தும் இவ்வளவு முக்கியம்.

இன்சூரன்ஸ்: உங்களிடமே இருக்கலாம்!

மூவர்ஸ் கொட்டேஷனில் ‘டிரான்சிட் இன்சூரன்ஸ்’ என்று மதிப்பில் ஒரு சதவீதம் கேட்பார்கள். இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நிஜமான இன்சூரன்ஸ் என்றால், ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யில் பதிவு பெற்ற காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி எண் இருக்கும், உங்கள் வண்டி நம்பரும் மதிப்பும் அதில் இருக்கும். பாலிசி நகலைக் கேளுங்கள். தரவில்லை, ‘எங்க கம்பெனியே பார்த்துக்கும் சார்’ என்றால், நீங்கள் கட்டியது இன்சூரன்ஸ் பிரீமியம் இல்லை. அது வெறும் ‘ரிஸ்க் சார்ஜ்’. அதைக் கட்டினாலும் தப்பில்லை. ஆனால் ‘இவ்வளவு ரூபாய் வரை முழுப் பொறுப்பு’ என்று ரசீதில் எழுதி வாங்கினால்தான் அதற்கு மதிப்பு.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: உங்கள் பைக்குக்கு காம்ப்ரிஹென்சிவ் பாலிசி இருந்தால், சாலை, ரயில், உள்நாட்டு நீர்வழி, லிஃப்ட், விமானம் வழியாக வண்டி கொண்டுசெல்லப்படும்போது ஏற்படும் சேதமும் அதில் அடங்கும். நாட்டின் வழக்கமான மோட்டார் பாலிசி வாசகத்திலேயே இது இருக்கிறது. போனில் பாலிசி பி.டி.எஃப்.ஐத் திறந்து ‘டிரான்சிட்’ என்ற வார்த்தையைத் தேடிப் பாருங்கள். தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்தவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஆனால், சின்னக் கீறலுக்கு இதில் கிளெய்ம் செய்வது லாபமில்லை. ‘நோ கிளெய்ம் போனஸ்’ போய்விடும். ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் இருந்தவருக்கு அது 50 சதவீதம். பெரிய சேதம், திருட்டு என்றால் மட்டும் உங்கள் பாலிசி. சின்னச் சேதத்துக்கு மூவர்ஸிடம் கேட்பதே புத்திசாலித்தனம்.

ரொம்பக் கம்மியா ரேட் சொல்றாங்களா? உஷார்!

இந்தத் துறையில் நடக்கும் மோசடிக்கு ஒரு பழகிய ஃபார்முலா உண்டு. பிரபல நிறுவனத்தின் பெயரில் முன்னே பின்னே ஒரு வார்த்தை சேர்த்து ஒரு வெப்சைட். மற்றவர்கள் சொல்வதில் பாதி ரேட். வண்டி ஏறும்வரை இனிமையான பேச்சு. ஏறிய பிறகு ஒரு போன்: ‘சார், பார்டர் சார்ஜ், ஜி.எஸ்.டி., டிரைவர் பேட்டா... இன்னும் எட்டாயிரம் போட்டாதான் வண்டி நகரும்.’

இந்த நிலையில் உங்கள் பைக் அவர்களிடம் பணயம். அதனால் தடுப்பது முழுக்க முழுக்க, வண்டி ஏறுவதற்கு முன்புதான்.

• ஜி.எஸ்.டி. எண்ணைக் கேட்டு, அரசு இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பெயரும் முகவரியும் பொருந்துகிறதா?
• ‘இதுவே இறுதித் தொகை, டெலிவரியில் கூடுதல் கட்டணம் இல்லை’ என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள்.
• முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். ஒரு பகுதியை டெலிவரிக்குப் பிறகு என்று வையுங்கள்.
• தனிநபர் யு.பி.ஐ. எண்ணுக்கு இல்லாமல், நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்புங்கள்.
• வர வேண்டிய லாரியின் பதிவு எண்ணை வாங்கி, வந்த வண்டியோடு ஒப்பிடுங்கள்.
• அசல் ஆர்.சி.யைக் கொடுக்காதீர்கள். நகல் போதும்.

ஏற்றும் நாளில் செய்ய வேண்டியவை

முந்தைய நாள் பைக்கைக் கழுவுங்கள். அழுக்குத் தூசியோடு பபுள் ராப் சுற்றினால், ஆயிரம் கிலோமீட்டர் அதிர்வில் அந்தத் தூசியே உப்புத்தாள் மாதிரி பெயின்டைத் தேய்த்துவிடும்.

கண்ணாடிகளைக் கழற்றி வையுங்கள். சைடு பாக்ஸில் எதையும் விடாதீர்கள். லாரியிலும் பெட்ரோலைக் குறைந்தபட்சம் ஆக்குங்கள். நாலு பக்கமும் போட்டோ, டேங்க், சைலன்சர், இண்டிகேட்டர் குளோசப், இன்ஜின் எண், சேசிஸ் எண், அப்புறம் மறக்காமல் ஓடோமீட்டர். குடோன் ஆட்கள் பைக்கை எடுத்து ஓட்டினால் அதைக் காட்டிக்கொடுப்பது ஓடோமீட்டர்தான். ஓட்டிய நேரத்தில் யாரையாவது இடித்திருந்தால், வண்டி உரிமையாளர் என்ற முறையில் வழக்கு உங்களையும் தேடி வரும். ஒப்படைத்த தேதி, நேரம் ரசீதில் இருக்க வேண்டும். இன்சூரன்ஸ் காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும்.

லாரிக்குள் எப்படிக் கட்டுகிறார்கள் என்று ஒரு நிமிடம் பாருங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்த்து ஒரே கயிறில் கட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வண்டி நேராக நின்று, முன் சக்கரம் தடுப்பில் முட்டி, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நாலு பக்கமும் ஸ்ட்ராப் போட்டு, சஸ்பென்ஷன் கொஞ்சம் அழுந்தும் அளவுக்கு இறுக்க வேண்டும். முழுக்க அழுத்திவிட்டால் ஃபோர்க் சீல் கெட்டுவிடும். தளர்வாக விட்டால் முதல் ஸ்பீடு பிரேக்கரிலேயே சாய்ந்துவிடும்.

பிரச்னை வந்துவிட்டால்?

டெலிவரி ரசீதில் கையெழுத்துப் போடும் முன் பேக்கிங்கைப் பிரித்துப் பாருங்கள். சேதம் இருந்தால் அதை ரசீதிலேயே எழுதி, பிறகு கையெழுத்து. ரயிலில், பார்சல் சேதமாகத் தெரிந்தால் ‘ஓப்பன் டெலிவரி’ கேட்கும் உரிமையைச் சட்டமே தருகிறது.

காலக்கெடு முக்கியம். லாரியில் அனுப்பியிருந்தால், புக் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் நிறுவனத்துக்கு எழுத்துபூர்வ நோட்டீஸ் போயிருக்க வேண்டும். இல்லையென்றால் வழக்கே போட முடியாது. ரயில்வேயில் ஆறு மாதத்துக்குள் நோட்டீஸ். பிறகு ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயம். ‘பார்க்கலாம் சார், மேனேஜர் லீவு’ என்று இழுத்தடிக்கும்போதே இந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

மூவர்ஸ், பார்சல் சர்வீஸ் மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019 சட்டப்படி, நீங்கள் வசிக்கும் ஊரிலேயே புகார் தரலாம். நிறுவனம் டெல்லியில் இருந்தாலும் கவலையில்லை. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தால், சில நேரம் அதிலேயே தீர்ந்துவிடும்.

வண்டியைத் தராமல் பணம் கேட்டு மிரட்டினால் அது வெறும் ‘சேவைக் குறைபாடு’ இல்லை. போக்குவரத்துக்காக ஒப்படைக்கப்பட்ட பொருளை மோசடியாக வைத்துக்கொள்வது, பாரதிய நியாய சன்ஹிதா 316-வது பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். போலீஸில் புகார் கொடுங்கள். ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால், தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

வேறு மாநிலத்துக்குப் போனால் நம்பர் பிளேட் மாற்றணுமா?

மோட்டார் வாகனச் சட்டம் 47-வது பிரிவின்படி, வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே புதிய பதிவு எண் வாங்க வேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. வேண்டும். லோன் பாக்கி இருந்தால் வங்கியின் சம்மதமும் தேவை. நாலு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள், 2021-ல் வந்த ‘பி.ஹெச்.’ வரிசை எண்ணை யோசிக்கலாம். அதில் மாநிலம் மாறும்போது மறுபதிவு வேண்டியதில்லை.

அப்போ, எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் ஒரு கணக்கு. அனுப்பும் செலவு, புதிய ஊரில் மறுபதிவு, வரி எல்லாம் சேர்த்து எவ்வளவு? வண்டி எட்டு வருடப் பழசு என்றால், இங்கேயே விற்றுவிட்டு அங்கே ஒன்று வாங்குவது லாபமாக இருக்கலாம். ஒரு வருடத்துக்குள் திரும்பி வரும் வாய்ப்பு இருந்தால், அப்பா அம்மா வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவதும் மோசமில்லை.

அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், நேரடி ரயிலும் பெரிய ஸ்டேஷனும் இரு முனையிலும் இருப்பவர்களுக்கு ரயில் நல்லது. மதிப்பை அறிவித்து, சதவீதக் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். வீட்டிலிருந்து வீடு வரை வேண்டும் என்றால் லாரி. மதிப்பையும் பொறுப்பையும் எழுதி வாங்கிவிடுங்கள்.

எதில் அனுப்பினாலும், சாவியைக் கொடுப்பதற்கு முன் ரசீதை வாங்கி ‘மதிப்பு’ என்ற கட்டத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். காலியாக இருந்தால் நிரப்பச் சொல்லுங்கள். நிரப்ப மறுத்தால், வண்டியைக் கீழே இறக்கச் சொல்லுங்கள்.